நோயாளிகள் இருக்கும் ஊர்

1

போன வாரம் ஏழுமலை போன் செய்தான். நானும் அவனும் திருக்கழுக்குன்றத்தில் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். நான் சிறுசேரிக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து அமெரிக்கா வந்து இங்கேயே தங்கிவிட்டேன். அவன் இன்றைக்கும் சிறுசேரிக் கம்பெனிகளுக்கு வேன் ஓட்டுகிறான். ஷிப்ட் விட்டு ஆட்கள் வந்து ஏறும்வரை வேனில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டு வம்பளப்பது அவன் வழக்கம்.

"இன்னாடா சாமு, யுனிவர்சிட்டி பக்கத்துலயே வூடு வாங்கிக்கினேன்னு சொன்ன. பொண்ணு அதே யுனிவர்சிட்டிலதான் டாக்டருக்குப் படிக்குதுன்ன. இப்ப இன்னாடான்னா, அது வேற ஊர்ல ரூம் எட்த்து தங்கிகினு கீதாமே. வூட்ல எதுனா பேஜாரா?"

"ஒரு பேஜாரும் இல்லடா. டாக்டர் காலேஜு இந்த ஊர்ல இல்ல. கார்ல மூணு மணி நேரம் போவணும்."

"அதே யுனிவர்சிட்டிதான?"

"அதேதான்."

"அப்ப ஏன்டா அத்தினி தூரத்துல கொண்டுபோயி கட்டி வச்சிக்கீறானுங்க?"

சொல்கிறேன் என்றேன். அதற்குள் ஆட்கள் ஏறிவிட்டார்கள், வைத்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. செங்கல்பட்டில் இருக்கும் என் மாமியார்கூட, பெண் ஏதோ கோபித்துக்கொண்டு தனியாகப் போய்விட்டாள் என்றுதான் இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறார். ஆகவே எல்லாருக்குமாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எழுத ஆரம்பித்த பிறகுதான் என் அக்கா மேரியை விட்டுவிட்டு இதைச் சொல்ல முடியாது என்று தெரிந்தது. அக்காவுக்கு நெஞ்சில் ஒரு கோளாறு. ஆபரேஷன் செய்தால் பிழைப்பாள். அவளோ மாட்டேன் என்றாள். அவள் மனதை மாற்ற, அந்தத் தூரத்துக் கல்லூரியில் படிக்கும் என் மகள் ஜெனியைத்தான் நான் நம்பியிருந்தேன்.

2

வீடு வாங்கிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் சிரிக்க அது ஒன்றுதான் இதில் இருக்கிறது.

ஜெனி பள்ளியில் படிக்கும்போதே டாக்டர் ஆவேன் என்று சொல்ல ஆரம்பித்தாள். பிள்ளை வாயில் அந்தச் சொல் வந்துவிட்டால் நம் ஆட்கள் சும்மா இருப்போமா? நான் வேலை செய்வது இந்த மாநிலப் பல்கலைக்கழகத்தின் கணினிப் பிரிவில். பல்கலைக்கழகத்துக்கு ஒரு மருத்துவக் கல்லூரி உண்டு என்று எனக்குத் தெரியும். என் சம்பளச் சீட்டில் இருக்கும் முத்திரைதான் அதற்கும். வளாகத்தின் கிழக்கு வாசலிலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. மகள் பட்டப்படிப்பையும் அதற்குப் பிறகு மருத்துவத்தையும் வீட்டுச் சோறு தின்றுகொண்டே முடித்துவிடுவாள் என்று என் மனைவி லில்லி திட்டம் போட்டாள். வாங்கிவிட்டோம்.

மருத்துவக் கல்லூரி எங்கே இருக்கிறது என்று நாங்கள் யாரையும் கேட்கவில்லை. அங்கேயே வேலை செய்கிறவன் போய் அதைக் கேட்டால் சிரிப்பார்களே என்று எனக்கு வெட்கம். வளாகத்தின் ஓரத்தில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருந்தது. பெரிய கட்டடம், பின்னால் மாட்டுக் கொட்டகை. மாட்டு வைத்தியம் இங்கே இருந்தால் மனுஷ வைத்தியமும் பக்கத்தில்தான் இருக்கும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

பட்டப்படிப்பு முடிந்து மருத்துவத்துக்கு இடம் கிடைத்த கடிதம் வந்த அன்றைக்கு லில்லிதான் முதலில் பார்த்தாள். "என்னங்க, ஊர் பேரத் தப்பாப் போட்டிருக்காங்க" என்றாள். தப்பில்லை. நாங்கள்தான் ஊரைத் தப்பாகப் போட்டுவைத்திருந்தோம். ஜெனிக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது. "உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்ப்பா" என்றாள். அவள் முகத்தில் கொஞ்சம் நிம்மதிகூட இருந்ததாக எனக்குப் பட்டது. லில்லியிடம் அதைச் சொல்லவில்லை.

மறுநாள் வேலையில் ஒரு பெரியவரிடம், என் மகள் மருந்துக்காக நகரத்துக்குப் போகிறாள் என்று பொருள்படும்படி என் ஆங்கிலத்தில் ஏதோ சொல்லிவைத்தேன். அவர் என் தோளைத் தொட்டு, அவளுக்கு உடம்புக்கு என்ன, குணமாகக்கூடியதுதானே என்று கேட்டார். விளக்கிச் சொல்வதற்குள் வியர்த்துவிட்டது.

அவளைக் கொண்டுபோய் விட்டபோது இன்னொன்றும் தெரிந்தது. ஒரே பல்கலைக்கழகம், ஒரே முத்திரை, ஆனால் என் அடையாள அட்டை அங்கே ஒரு கதவையும் திறக்கவில்லை. வாசலில் இருந்த காவலாளி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, பார்வையாளர் என்று எழுதிய ஒட்டுத்தாளைச் சட்டையில் ஒட்டிவிட்டார். இங்கே நான் வைத்திருக்கும் அனுமதிக்கு அங்கே வேறு அலுவலகத்தில் வேறு விண்ணப்பம் போடவேண்டுமாம். ஜெனி தன் அட்டையைக் காட்டி முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

3

புது மாணவர்களுக்கு வெள்ளைக் கோட்டு மாட்டிவிடுகிற சடங்கு ஒன்று உண்டு. பெற்றோர்கள் போகலாம், போனோம். ஏழுமலை கேட்ட கேள்விக்கு அங்கேதான் எனக்குப் பதில் கிடைத்தது. பேசியவர் அந்தக் கல்லூரியின் தலைவி. வயதானவர், சிரிக்காமலே சிரிக்க வைக்கிறவர்.

அவர் சொன்னது இவ்வளவுதான். அந்தக் காலத்தில் இந்த மாநிலத்துக்குப் பல்கலைக்கழகம் வைத்தவர்கள் அதைச் சோளக்காட்டுக்கு நடுவே சின்ன ஊரில் வைத்தார்கள். நகரத்தில் வைத்தால் பிள்ளைகள் கெட்டுவிடுவார்கள் என்று பயம். சட்டசபைக்காரர்களும் ஊர் ஊராகப் பங்கு போட்டார்களாம்: தலைநகர் ஒரு ஊருக்கு, பல்கலைக்கழகம் ஒரு ஊருக்கு, சிறைச்சாலை இன்னொரு ஊருக்கு. சட்டத்தையும் கணக்கையும் சோளக்காட்டில் உட்கார்ந்து படித்துவிடலாம். மருத்துவத்தைப் படிக்க முடியவில்லை. அங்கே படுக்கையில் கிடக்கப் போதுமான ஆள் இல்லை. ஆற்றங்கரையில் துறைமுகமும் ஆலைகளும் இருந்த பெரிய நகரத்தில், தர்ம ஆஸ்பத்திரி நிரம்பி வழிந்தது. அங்கே சில டாக்டர்கள் சேர்ந்து முன்பே ஒரு பள்ளி நடத்திக்கொண்டிருந்தார்கள். மாநிலம் அதை எடுத்துத் தன் பெயரைப் போட்டுக்கொண்டது. எல்லா மாநிலங்களிலும் இப்படி இல்லை, சில இடங்களில் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி கட்டி நோயாளிகளை வரவழைத்துக்கொண்டார்கள் என்றும் சொன்னார். கடைசியில் பிள்ளைகளைப் பார்த்து, "ஏழைகள் இந்த ஊரில் நோயோடு கிடந்ததால்தான் நீங்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். மறக்காதீர்கள்" என்றார்.

எல்லாரும் கை தட்டினார்கள். எனக்கு என்னவோ போல இருந்தது. நம் ஊரிலும் இதே கதைதானே? பல்கலைக்கழகம் என்பது சென்னையில் எங்கோ இருக்கும் ஆபீஸ். தேர்வு வைக்கும், சான்றிதழ் கொடுக்கும். மருத்துவக் கல்லூரி இருப்பது ஆஸ்பத்திரி இருக்கிற ஊரில். தாம்பரத்திலிருந்து மின்சார ரயிலில் செங்கல்பட்டுக்கு வந்து இறங்கும் வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகளை சிறுவயதிலிருந்து பார்த்தவன் நான். அவர்கள் யாரைத் தேடி வந்தார்கள் என்பது என் வீட்டுக்கே தெரியும். என் அக்காவைத் தேடி வந்தார்கள்.

4

மேரி அக்கா எனக்கு ஏழு வயது மூத்தவள். சின்ன வயதில் அவளுக்குக் காய்ச்சலும் மூட்டு வீக்கமும் வந்து வந்து போனது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர்கள். காய்ச்சலுக்கெல்லாம் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. பின்னால் செங்கல்பட்டில் காட்டியபோது, அந்தக் காய்ச்சல் நெஞ்சுக்குள் ஒரு வால்வைச் சுருக்கிவிட்டுப் போயிருக்கிறது என்றார்கள். ரத்தம் அந்தச் சந்தில் நெருக்கிக்கொண்டு போகும்போது ஒரு சத்தம் கேட்குமாம். மாதாமாதம் ஊசி போட்டுக்கொண்டாள். திருவிடந்தையில் கட்டிக்கொடுத்தோம். பிள்ளை பெற்றால் உயிருக்கு ஆபத்து என்று டாக்டர் சொன்னது தெரிந்ததும் அந்த வீட்டுக்காரர்கள் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார்கள். கொஞ்ச நாள் மாமல்லபுரம் சாலையில் ஒரு ரிசார்ட்டில் அறை துடைக்கப் போனாள். மாடிப்படி ஏற மூச்சு வாங்கியதால் அதையும் விட்டாள்.

அதற்குப் பிறகு அவளுக்கு என்று இருந்தது அந்தச் சத்தம்தான்.

மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குக் கடைசித் தேர்வு நிஜமான நோயாளியின் பக்கத்தில் நடக்கும். தொட்டுப் பார்த்து, கேட்டுப் பார்த்து, இன்ன வியாதி என்று சொல்ல வேண்டும். அதற்கு வியாதி தெளிவாகத் தெரிகிற ஆட்கள் வேண்டும். அப்படி ஆட்களைத் தேர்வு சமயத்தில் வரச் சொல்வார்கள். எக்ஸாம் கேஸ் என்று பெயர். சாப்பாடு உண்டு, பஸ் செலவு உண்டு. அக்காவின் சத்தம் பாடப்புத்தகத்தில் எழுதியிருப்பது போலவே கேட்குமாம். ஒவ்வொரு மாசி மாதமும் வார்டிலிருந்து போன் வரும். "மேரிம்மா, எக்ஸாமு வருது, வந்துடு."

அன்றைக்கு அவளைப் பார்க்க வேண்டும். தலைக்குக் குளித்து, கஞ்சி போட்ட புடவை கட்டி, கழுத்துச் சிலுவையைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முதல் பஸ்ஸில் கிளம்பிவிடுவாள். கட்டிலில் படுத்ததும் யாரும் சொல்லாமலே இடது பக்கமாக ஒருக்களித்துக்கொள்வாள். அப்போதுதான் சத்தம் நன்றாகக் கேட்கும். மற்ற நோயாளிகள் பிள்ளைகள் மேல் இரக்கப்பட்டு வியாதியின் பெயரை மெல்லச் சொல்லிவிடுவார்கள். அக்கா சொல்ல மாட்டாள்.

"நான் இன்னாத்துக்கு சொல்லணும்? காது கீதுல்ல, கேக்கட்டும்" என்பாள்.

ஒருமுறை என்னிடம் போனில் சொன்னாள்: "நம்ம அப்பன தெருவுல நிக்க வச்சிதான்டா கூலி குடுத்தானுங்க. இன்னிக்கி எப்பேர்ப்பட்ட வூட்டுப் பசங்க, வரிசைல நின்னுகினு, உள்ள வரலாமாம்மான்னு கேட்டு என் நெஞ்சுல காத வெக்கிறாங்க. எனுக்கு இது போதும்."

அவளிடம் தேர்வு எழுதித் தேறிய பெண் ஒருத்தி வேடந்தாங்கல் பக்கம் டாக்டராக இருக்கிறாள். தன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைத்துக் கூப்பிட்டாள். அக்கா போய் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்ததை வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பெரிய டாக்டர்கள் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் திட்டினார்கள். வால்வு இன்னும் சுருங்குகிறது, சென்னைக்குப் போய் சரி செய்துகொள், காசு ஆகாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சரி சார், சரி சார் என்று தலையாட்டிவிட்டு வந்துவிடுவாள். ஏன் போகவில்லை என்று நான் கேட்டால் பயமாக இருக்கிறது என்பாள், துணைக்கு ஆள் இல்லை என்பாள், மழை என்பாள். நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொன்னால் பேச்சை மாற்றிவிடுவாள். கால் வீங்க ஆரம்பித்தது. ராத்திரி படுத்தால் மூச்சு முட்டி எழுந்து உட்கார்ந்துகொள்கிறாள் என்று ஏழுமலை சொன்னான். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது.

5

போன வருஷத்துக்கு முந்தின கிறிஸ்துமஸுக்கு மூவரும் ஊருக்குப் போனோம். ஜெனி அப்போது இரண்டாம் வருஷம். வாரத்தில் ஒருமுறை போனில் பேசுவாள், அதுவும் நடந்துகொண்டே. நாங்கள் கேட்டதற்கு ஓகேப்பா, ஓகேம்மா. அவள் என்னோடு ஊருக்கு வரச் சம்மதித்ததே எனக்குப் பெரிய விஷயம். "அத்தை உன் பேச்சைக் கேப்பா. நீ டாக்டராச்சே. எப்படியாவது ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வை" என்று விமானத்தில் திரும்பத் திரும்பச் சொன்னேன். "நான் இன்னும் டாக்டர் இல்லப்பா" என்றாள்.

அக்கா அவளைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "டூப்பு எட்தாந்தியா?"

ஸ்டெதாஸ்கோப்பைத்தான். ஜெனி பையிலிருந்து எடுத்தாள். அக்கா, எங்களை வேனில் கூட்டி வந்திருந்த ஏழுமலையை வெளியே போகச் சொல்லி, ஃபேனை நிறுத்தச் சொல்லி, பாயில் இடது பக்கமாக ஒருக்களித்துப் படுத்தாள். லில்லி கதவைச் சாத்தினாள். ஜன்னல் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நான் நின்றேன்.

இந்த வியாதி ஜெனி படிக்கும் ஊரில் இப்போது அநேகமாக இல்லையாம். பிள்ளைகளின் காய்ச்சலுக்கு உடனே மருந்து கொடுத்துவிடுகிறார்கள். ஜெனி அந்தச் சத்தத்தை ஒரு பொம்மையின் நெஞ்சில் வைத்த ஸ்பீக்கரில்தான் கேட்டிருந்தாள். இப்போது கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். ரொம்ப நேரம் கேட்டாள். ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. சின்ன வயதில் கடற்கரையில் முதன்முதலாக அலையைப் பார்த்தபோது அவள் முகம் அப்படித்தான் இருந்தது.

பிறகு கண்ணைத் திறந்து, "பியூட்டிஃபுல்" என்றாள்.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. என் அக்காவைக் கொன்றுகொண்டிருக்கிற சத்தம் அது. அவளைப் பயமுறுத்தத்தான் இந்தப் பெண்ணைக் கடல் தாண்டிக் கூட்டி வந்தேன். அதைப் போய் அழகு என்கிறாள். வாயைத் திறப்பதற்குள் அக்கா எழுந்து உட்கார்ந்து சிரித்தாள்.

"வெளியூர்லருந்து வர்ற பெரிய டாக்டருங்களும் இதேதான் சொல்லுவாங்க. பாத்தியாடா சாமு, உம் பொண்ணுக்கே புட்ச்சிப் போச்சி."

ஜெனிக்குத் தான் சொன்னது உறைத்தது. முகம் சிவந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், பொறுமையாகவே பேசினாள். வால்வு ரொம்பச் சின்னதாகிவிட்டது, தண்ணீர் நுரையீரலில் ஏறுகிறது, இனிமேல் காத்திருக்கக் கூடாது.

"செஞ்சா நல்லா ஆயிடுவீங்க அத்தை. மாடி ஏறலாம். அந்தச் சவுண்டே போய்டும்."

"போயிடுமா?"

"ஆமா அத்தை."

"சுத்தமாவா?"

"கிட்டத்தட்ட."

அக்கா சிலுவையை விரலால் உருட்டிக்கொண்டிருந்தாள். "சத்தம் பூட்ச்சினா அப்பறம் என்ன யாரு கூப்டுவா?" என்று கேட்டாள்.

பயமும் இல்லை, மழையும் இல்லை. இத்தனை வருஷமாக அவள் சொல்லாமல் வைத்திருந்தது இதுதான். நானும் லில்லியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்கு அவளைத் திட்டவும் முடியவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அவளைக் கூப்பிட உலகத்தில் வேறு யார் இருந்தார்கள்? நான் மாதம் ஒருமுறை கூப்பிடுவேன், பணம் வந்ததா என்று கேட்பேன்.

அன்றைக்குச் சாயங்காலம்வரை பேசினோம். கடைசியில் அக்கா இறங்கி வந்தாள். "மாசி மாசம் எக்ஸாமு வருது. அது ஒண்ணு மட்டும் போயிட்டு வந்துட்றேன். அப்பறம் நீ எங்க படுக்க சொல்றியோ அங்க படுக்குறேன், கண்ணு. சத்தியமா."

ஜெனி என்னைப் பார்த்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். "ஓகே அத்தை. ஒரே ஒரு எக்ஸாம். அது முடிஞ்சதும் ஆபரேஷன்" என்று சொல்லி, பெரிய மனுஷி மாதிரி கை கொடுத்தாள்.

மறுநாள் மாமல்லபுரம் கடற்கரையில் நடந்தபோது கேட்டேன், இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று.

"ஃபோர்ஸ் பண்ணக் கூடாதுப்பா. பேஷண்ட்தான் முடிவு எடுக்கணும். அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க."

"அவ பேஷண்ட் இல்லம்மா. உன் அத்தை."

அவள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு தண்ணீர்ப் பக்கமாக இறங்கி, எங்களை விட்டு முன்னால் நடந்து போய்விட்டாள். லில்லி, "விடுங்க, பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை.

6

மாசி மாதம் தேர்வு நடந்தது. முடிந்த அன்றைக்கே அக்கா போன் செய்தாள். அவள் குரல் அவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. ஒரு பையன் சத்தம் கேட்கவில்லை என்று அழுதுவிட்டானாம். அக்கா மூச்சை அடக்கிக் காட்டினாளாம், அப்போதும் அவனுக்குக் கேட்கவில்லையாம். "செவுடன், டாக்டராயி இன்னா பண்ணப் போறான்" என்று சிரித்தாள். பேச்சுக்கு நடுவே நின்று நின்று மூச்சு வாங்கினாள். இதுதான் கடைசி என்று வார்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு வந்தாளாம். சென்னை ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமை சேரச் சொல்லியிருந்தார்கள். துணைக்கு ஏழுமலையின் சம்சாரம் வருவதாகப் பேச்சு. எனக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. ஜெனியை அழைத்துச் சொன்னேன். "சொன்னேன்ல, சொன்ன மாதிரியே போறாங்க பாத்தீங்களா" என்றாள்.

சனிக்கிழமை காலையில் அக்காவுக்கு மூச்சுத் திணறல் வந்துவிட்டது. ஏழுமலை தன் வேனிலேயே தூக்கிப் போட்டுக்கொண்டு செங்கல்பட்டுக்குப் பறந்திருக்கிறான். பாதி வழியில் ஏரிக்கரையிலேயே முடிந்துவிட்டது. அங்கிருந்தே எனக்குப் போன் செய்தான். வேனின் இண்டிகேட்டர் அடித்துக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"அக்கா பூட்ச்சிடா, சாமு" என்றான் கடைசியில்.

நான் மட்டும் போனேன். ஐஸ் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். கல்லூரியிலிருந்து நாலைந்து பிள்ளைகள் மாலையோடு வந்திருந்தார்கள். எங்கே நிற்பது, என்ன செய்வது என்று தெரியாமல் வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் நின்றார்கள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும். பெட்டியைத் திறந்து வைத்து ஜெபம் நடக்கும்போது ஒரு பெண் மட்டும் உள்ளே வந்து அக்காவின் காலைத் தொட்டுவிட்டுப் போனாள்.

ஊருக்குக் கிளம்பும் முன்பே ஜெனிக்குச் சொல்லிவிட்டேன். அவள் கேட்டாள், வாயில் நுரை வந்ததா, உதடு நீலமாக இருந்ததா, எவ்வளவு நேரம் உயிரோடு இருந்தார்கள் என்று. நான் தெரிந்ததைச் சொன்னேன். "ஓகேப்பா. எனக்கு எக்ஸாம் இருக்கு. அப்புறம் பேசறேன்" என்றாள். அழவில்லை. அதற்குப் பிறகும் அத்தையின் பெயரை எடுக்கவில்லை. பெண்ணின் மனசு கல்லாகிவிட்டது என்று லில்லி அழுதாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அந்த நகரத்திலிருந்து அவள் வீட்டுக்கு வருவது குறைந்தது. கோடை விடுமுறைக்கு வரவில்லை. நவம்பரில் இங்கே கொண்டாடும் நன்றி சொல்லும் பண்டிகைக்கு எல்லார் வீட்டுப் பிள்ளைகளும் வந்தார்கள், இவள் டியூட்டி என்றாள். அவள் அறையில் ஹீட்டரை நாங்கள் அணைத்தே வைத்திருக்கிறோம்.

7

ஏழுமலையின் கேள்விக்குப் பதிலாக இதுவரை எழுதி, மேலே எப்படி முடிப்பது என்று தெரியாமல் வைத்திருந்தேன். நேற்று மத்தியானம் ஜெனி கூப்பிட்டாள். வேலை நாளில் அவள் கூப்பிடுவதே இல்லை. பயந்துகொண்டே எடுத்தேன். லில்லியும் பக்கத்தில் வந்து நின்றாள். ஸ்பீக்கரில் போட்டேன்.

இப்போது அவள் நாள் முழுக்க ஆஸ்பத்திரியில். தலைவி சொன்ன அதே தர்ம ஆஸ்பத்திரிதான், கட்டடம் மட்டும் புதிது. தெற்கே எங்கோ ஒரு நாட்டிலிருந்து வந்த அம்மா ஒருவர் சேர்ந்திருக்கிறார். ஒரு ஹோட்டலில் அறை துடைக்கிறவராம். மூச்சு வாங்கியதால் வந்திருக்கிறார். பேராசிரியர் கேட்டுப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் இந்தச் சத்தம் கிடைப்பது அபூர்வம் என்று எல்லா மாணவர்களையும் கூப்பிட்டுவிட்டார். வரிசையில் நின்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். யாருக்கும் பிடிபடவில்லை. ஒருவன் ஒன்றுமே கேட்கவில்லை என்றான். ஜெனி போய், அந்த அம்மாவை இடது பக்கமாகப் படுக்கச் சொல்லிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். வைத்த உடனே எடுத்துவிட்டாள். வியாதியின் பெயரைச் சொன்னாள்.

"எல்லாரும் என்னையே பார்த்தாங்கப்பா. பொம்மையில கேட்டதை வச்சு இவ்வளவு சீக்கிரம் யாரும் சொல்ல முடியாதேன்னு ப்ரொஃபசர் கேட்டார்."

"நீ என்ன சொன்ன?"

"முன்னாடி ஒரு தடவை கேட்டிருக்கேன்னு சொன்னேன்."

"அந்த அம்மாவுக்கு ஆபரேஷன் உண்டா?" என்று லில்லி கேட்டாள்.

"வெள்ளிக்கிழமைம்மா. நான் கேட்டுட்டுத்தான் வந்தேன். தேதி போட்டாச்சு."

எனக்கு அந்த முகம் தெரியாத அம்மாவை நினைத்து ஆறுதலாக இருந்தது. அதே நேரம் பொறாமையாகவும் இருந்தது, ஒளிப்பானேன்? அந்தப் பக்கம் ஜெனியின் மூச்சு ஒரு மாதிரி கேட்டது. எங்கே நின்று பேசுகிறாள் என்று கேட்டேன். கார் நிறுத்துகிற இடத்தில், மாடிப்படியில் உட்கார்ந்திருக்கிறேன் என்றாள்.

"எங்க கேட்டேன்னு அவர் கேக்கலையா?"

"கேட்டார்."

"அத்தைகிட்ட கேட்டேன்னு சொல்ல வேண்டியதுதானேம்மா?"

"எப்படிப்பா சொல்றது?" என்றாள். அதற்குமேல் அவளால் முடியவில்லை. இத்தனை மாதமாக வராத அழுகை வந்துவிட்டது. மூன்று மணி நேரத் தூரத்தில் என் பெண் ஒரு மாடிப்படியில் உட்கார்ந்து அழுவதைக் கையில் பிடித்துக்கொண்டு நாங்கள் சமையலறையில் நின்றோம். லில்லி ஒரு கையால் என் சட்டையைப் பற்றிக்கொண்டாள்.

"சொன்னா, அத்தைக்கு இப்ப எப்படி இருக்குன்னு கேப்பாருப்பா."